அப்பா பெயரில் இருந்த நிலத்தை அண்ணன் தனியாக விற்றுவிட்டால் தங்கையின் பங்கு என்னவாகும்?

உங்கள் கேள்வியில் உள்ள விவரங்களை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் தந்தை 1978-இல் தன் பெயரில் கிரயம் வாங்கிய இரண்டு ஏக்கர் நஞ்சையும், ஊருக்குள் ஒரு வீடும் இருக்கின்றன. அவர் 1996-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அப்போது உங்கள் தாயாரும், அண்ணனும், நீங்களும், தம்பியும் இருந்தீர்கள். தம்பி 2008-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு இறந்தார். தாயார் 2015-இல் இறந்தார். 2001-இலேயே அண்ணன் நிலத்தின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, 2019-இல் ஒரு ஏக்கரை வெளியாள் ஒருவருக்கு முழு உரிமையாளர் என்ற முறையில் கிரயம் செய்துகொடுத்திருக்கிறார். கேட்டால், "உனக்கு 1985-இலேயே நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாகிவிட்டது, 1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது, பட்டா என் பெயரில்தான் இருக்கிறது, பன்னிரண்டு வருஷமும் தாண்டிவிட்டது" என்கிறார்.

இந்த நான்கு வாதங்களையும் தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன், இதுபோன்ற வழக்குகளில் பெரும்பாலோர் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. இறந்த அன்று அந்தச் சொத்து உங்கள் தந்தையின் கையில் என்ன தன்மையில் இருந்தது என்பதே அது. அது அவருடைய சுயார்ஜிதமா (தானே சம்பாதித்து வாங்கியதா), அவர் தன் மகன்களோடு சேர்ந்து வைத்திருந்த பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தா என்பதைத் தீர்மானித்த பிறகுதான் எந்தச் சட்டப்பிரிவு பொருந்தும் என்று சொல்ல முடியும். உங்கள் அண்ணன் எடுத்துக்காட்டும் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தைப் பற்றியது மட்டுமே. தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

சுயார்ஜிதச் சொத்தை விட்டுவிட்டு உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் வாரிசுகள் யார் என்பதை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. முதல் வகுப்பு வாரிசுகளில் மகனும் மகளும் மனைவியும் தாயும் ஒரே வரிசையில், ஒரே அளவில் நிற்கிறார்கள். மகள் மணமானவரா, எந்த ஆண்டில் மணமானார், சீர் வாங்கினாரா என்ற நிபந்தனை எதுவும் அந்தப் பிரிவில் 1956-லிருந்தே கிடையாது. ஆகவே 1978 கிரயப் பத்திரத்தின் நகல் உங்கள் கையில் இருக்கும்வரை அண்ணனின் 1989 வாதம் எழவே இடமில்லை. "அப்பா பூர்வீக நிலத்தின் வருமானத்தில்தான் இதை வாங்கினார், அதனால் இதுவும் பூர்வீகம்தான்" என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், அதற்குப் போதுமான வருமானம் தந்த கூட்டுக்குடும்பச் சொத்து அப்போது இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவ்வாறு சொல்பவர் மீதே விழும்.

ஒரு பேச்சுக்கு அது பூர்வீகம் என்றே வைத்துக்கொண்டாலும் அண்ணனின் வாதம் நிற்காது. தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் 25-3-1989 முதல் மகளையும் பிறப்புரிமைப் பங்குதாரர் ஆக்கியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை விலக்கிவைத்தது. ஊரில் இன்றும் உலவும் பேச்சின் மூலம் இதுதான். மத்திய அரசின் திருத்தம் 9-9-2005-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த விலக்கைத் தன்னுள் கொண்டிருக்கவில்லை. அந்தத் திருத்தத்தின்படி மகளுக்கு உரிமை பிறப்பினாலேயே வருகிறது. 9-9-2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் 11-8-2020 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இப்படித் தீர்ப்பளித்தது. 20-12-2004-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ பாகம் பிரிந்திருந்தாலோ, அந்தத் தேதிக்கு முன் விற்பனை நடந்திருந்தாலோ மட்டுமே அவை கலைக்கப்பட மாட்டா. உங்கள் அண்ணன் விற்றது 2019-இல்.

இங்கே ஒரு சிறு விலகல். "பாட்டன் சொத்து என்றாலே பூர்வீகம், பேரனுக்குப் பிறந்தவுடன் பங்கு உண்டு" என்ற நம்பிக்கை ஊர்ப் பஞ்சாயத்துகளில் மட்டுமல்ல, சில வழக்குரை வரைவுகளிலும் இருக்கிறது. 17-6-1956-க்குப் பிறகு ஒருவர் தன் தந்தையிடமிருந்து 8-ஆவது பிரிவின் வழியாக அடையும் சொத்து அவருடைய தனிச்சொத்தே ஆகும். அவர் உயிரோடு இருக்கும்போது அவர் பிள்ளைகள் அதில் பிறப்புரிமை கோர முடியாது. 1986-இல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. நாளைக்கு உங்கள் அண்ணனின் மகன்கள் "எங்கள் பங்கை விட்டுவிட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள்" என்று மனுவோடு வந்தால், உங்கள் வழக்குரைஞருக்கு இந்தத் தீர்ப்பு பயன்படும்.

இனிப் பங்குக் கணக்கு. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. இறப்புகள் நடந்த வரிசை கணக்கை மாற்றிவிடுகிறது.

1996-இல் தந்தை இறந்ததும் தாயாருக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு வந்தது. 2008-இல் தம்பி இறந்தபோது அவருடைய நான்கில் ஒரு பங்கு மீண்டும் 8-ஆவது பிரிவின்படி அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், உயிரோடிருந்த தாயார் என்று நால்வருக்கும் சமமாகப் பிரிந்து, ஆளுக்குப் பதினாறில் ஒன்றானது. ஆக, தாயாரின் கையில் நான்கில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் சேர்ந்து 5/16 இருந்தது. 2015-இல் அவர் உயில் இல்லாமல் இறந்தபோது பொருந்துவது பெண்களுக்கான 15-ஆவது பிரிவு. அதன்படி மகன், மகள், முன்னரே இறந்த மகனின் பிள்ளைகள் ஆகியோர் வாரிசுகள். முன்னரே இறந்த மகனின் மனைவி அந்த வரிசையில் இல்லை. எனவே 5/16 மூன்று கூறாகி, அண்ணனுக்கு 5/48, உங்களுக்கு 5/48, தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 5/48 என்று இறங்கும். மொத்தத்தில் அண்ணனுக்கு 17/48, உங்களுக்கு 17/48, தம்பி மனைவிக்கு 3/48, தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 11/48. தம்பி தாயாருக்குப் பின் இறந்திருந்தால் மட்டுமே உங்கள் மூன்றில் ஒன்று என்ற கணக்கு சரியாக இருந்திருக்கும். வழக்குரையில் பங்கைத் தவறாகக் குறிப்பிடுவதால் மட்டும் வழக்கு தள்ளுபடி ஆகிவிடாது என்றாலும், எதிர்த்தரப்புக்கு வீணாக ஒரு பிடி கொடுப்பானேன்.

அடுத்தது பட்டா. பட்டா என்பது நில வரி யாரிடம் வசூலிக்க வேண்டும் என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு; அது உரிமை மூலத்தைத் தோற்றுவிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் நிலைப்பாடு. கூட்டு வாரிசுகளில் ஒருவர் பெயரில் மட்டும் பட்டா மாறியிருப்பது, மற்றவர்கள் அதுவரை கேட்கவில்லை என்பதற்கு மேல் எதையும் காட்டுவதில்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் இதே போன்றதுதான். யார் யார் வாரிசு என்று சொல்லும் அந்தக் காகிதம், யாருக்கு எந்தச் சொத்தில் எவ்வளவு என்று சொல்லாது.

கிரயம் பதிவாகிவிட்டதே என்ற கவலையும் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பதிவு அலுவலர் விற்பவரின் உரிமையை விசாரித்துச் சான்று தருபவர் அல்லர். விற்பவர் முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு செய்யலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் சேர்க்கப்பட்ட 55-ஏ விதியின் பகுதியை, பதிவுச் சட்டம் அத்தகைய அதிகாரத்தைத் தரவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் கே.கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. உரிமையே இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரமும் நடைமுறைகள் சரியாக இருந்தால் பதிவாகும் என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள். தனக்கு எவ்வளவு உரிமை உண்டோ அதற்கு மேல் ஒருவர் எதையும் பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. எனவே ஒரு ஏக்கர் முழுவதையும் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பவர் உண்மையில் வாங்கியது உங்கள் அண்ணனின் பிரிபடாத பங்கை மட்டுமே.

வாங்கியவர் "நான் நல்லெண்ணத்தோடு, பட்டாவைப் பார்த்து, பணம் கொடுத்து வாங்கினேன்" என்று சொல்வார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு அப்படி ஒரு பாதுகாப்பைத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் உண்மையான உரிமையாளரின் சம்மதத்தோடு ஒருவர் வெளித்தோற்றத்தில் உரிமையாளராக நின்றிருக்க வேண்டும், வாங்குபவரும் நியாயமான அக்கறையோடு விசாரித்திருக்க வேண்டும் என்ற இரண்டும் அதற்கு வேண்டும். 1978-லிருந்து வில்லங்கச் சான்று (சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் சான்று) போட்டுப் பார்த்திருந்தால், தந்தை பெயரில் கிரயம் இருக்கிறது, அதன் பின் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ (பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்) எதுவும் இல்லை, திடீரென்று மகன் விற்கிறார் என்பது கண்ணில் பட்டிருக்கும். "மற்ற வாரிசுகள் எங்கே?" என்று கேட்காமல் வாங்கியவருக்கு இந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம்.

அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கோர வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. நீங்கள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பினர் அல்லர். எழுதிக்கொடுத்தவர் ரத்து கோருவதும், எழுதிக்கொடுக்காதவர் அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கோருவதும் வேறு வேறு என்று சுஹ்ரித் சிங் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கிலேயே வாங்கியவரையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்து, அந்தக் கிரயம் உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று கேட்டால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது, நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: தாயாரின் காரியம் முடிந்த வாரத்தில், வாரிசுச் சான்றுக்கு என்று சொல்லி அண்ணன் சில தாள்களில் கையெழுத்து வாங்கினார் என்பது. அதில் ஒன்று விடுதலைப் பத்திரமா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாகியிருந்தால்தான் செல்லும். பதிவாகியிருந்தால் அது வில்லங்கத்தில் தெரியும். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு அலுவலகத்துக்கே போகவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. போய்ப் புகைப்படம் எடுத்து, விரல்ரேகை வைத்திருந்தீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்போது நீங்களும் அந்தப் பத்திரத்தின் தரப்பினர் ஆகிவிடுகிறீர்கள். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அதை ரத்து செய்யக் கோர வேண்டும். அதற்குக் காலவரையறைச் சட்டத்தின் 59-ஆவது இனப்படி, உண்மை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம்.

சீர், நகை வாதத்துக்கும் இதே இடத்தில் பதில் சொல்லிவிடலாம். திருமணத்தின்போது கொடுத்தது பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டப்பிரிவும் சொல்லவில்லை. தந்தை உயிரோடிருக்கும்போது மகளுக்கு அவருடைய சுயார்ஜிதத்தில் எந்த உரிமையும் இல்லை. இல்லாத ஒன்றை அப்போது விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. தந்தையின் வாழ்நாளிலேயே பணம் பெற்றுக்கொண்டு "இனி எனக்குப் பங்கு வேண்டாம்" என்று பதிவுசெய்து எழுதிக்கொடுத்த மகனின் பிள்ளைகள் பின்னாளில் பங்கு கேட்டு வந்தபோது, 2023-இல் ஏழுமலை எதிர் கமலா என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் தடுத்துவிட்டது. அப்படி ஓர் ஆவணத்தில் நீங்கள் 1985-இலோ பின்னரோ கையெழுத்திடவில்லை என்றால் இது உங்களைத் தொடாது.

பன்னிரண்டு ஆண்டு வாதம் கேட்பவரை எளிதில் அச்சுறுத்திவிடும். ஆனால் கூட்டுரிமையாளர்களுக்கு இடையே அது அவ்வளவு எளிதில் பலிப்பதில்லை. ஒரு கூட்டுரிமையாளரின் சுவாதீனம் (சொத்தைக் கைவசம் வைத்திருப்பது) சட்டத்தின் பார்வையில் எல்லாருக்குமான சுவாதீனம். அவர் தனியாக உழுது, தனியாக வரி கட்டி, தனியாகப் பட்டா வைத்திருந்தாலும் அது எதிரிடை அனுபவம் (பிறர் சொத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தனதாக அனுபவித்து உரிமை கோருவது) ஆகாது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அந்த மறுப்பு அவர்களுக்குத் தெரியவந்து, அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தால்தான் அவர்களை உரிமையிலிருந்து வெளியேற்றியாகிவிட்டது என்ற வாதம் எழும். 1956-இல் லட்சுமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த நெறி இன்றும் மாறவில்லை. தாயார் இருந்தவரை ஒவ்வோர் அறுவடைக்கும் உங்கள் வீட்டுக்கு நெல் மூட்டை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பாசம் என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பங்கை அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதற்கு அது சாட்சியம். கொண்டுவந்து இறக்கிய வண்டிக்காரர், அக்கம்பக்கத்தார், அதைப் பற்றிக் குறிப்பிடும் பழைய கடிதம், கைப்பேசிச் செய்தி என எது இருந்தாலும் சேர்த்துவையுங்கள். அண்ணன் முதன்முதலில் "பங்கு கிடையாது" என்று சொன்னது 2018-இல் என்றால் காலக்கணக்கு அங்கிருந்துதான் ஓடும். அதற்காக 2030 வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

"2003-இலேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்து, கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தக் கூறு என்ற குறிப்பு) எழுதிக்கொண்டோம்" என்று எதிர்வாதம் வர வாய்ப்பு உண்டு. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாக நடக்கலாம் என்பதையும், நடந்து முடிந்ததை நினைவுக்காக எழுதிவைக்கும் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்பதையும் காலே வழக்கில் 1976-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டிலேயே உரிமை பிறப்பதாக எழுதியிருந்தால் பதிவு கட்டாயம். உங்கள் கையெழுத்து அதில் இல்லை, உங்களுக்கு என்று எதுவும் ஒதுக்கப்படவும் இல்லை என்றால் நீதிமன்றம் அதை நம்பத் தயங்கும்.

வழக்கு என்று முடிவானால், நிலம், வீடு இரண்டையும், அண்ணன், தம்பி மனைவி, தம்பி பிள்ளைகள், வாங்கியவர் அனைவரையும் ஒரே வழக்கில் கொண்டுவர வேண்டும். ஒரு சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாதிப் பாகம் கேட்பதும், பங்குதாரர் ஒருவரை விட்டுவிடுவதும் வழக்கையே சாய்த்துவிடும் குறைகள். நீதிமன்றக் கட்டணம் வழக்குரையின் சொற்களைப் பொறுத்தது. கூட்டுச் சுவாதீனத்தில் இருப்பதாகச் சொல்லிப் பாகம் கேட்டால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி ஒரு நிலையான சிறு தொகை. சுவாதீனத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டதாக உங்கள் வழக்குரையே சொன்னால், 37(1) பிரிவின்படி உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017-க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. பங்கின் மதிப்பு 40 லட்சம் என்றால் 1,20,000 ரூபாய். வெளியாள் வேலிபோட்டு உழுதுகொண்டிருக்கும் ஏக்கருக்கு இந்தக் கேள்வி நிச்சயம் எழும் என்பதால், கோபத்தில் "என்னை அடித்து விரட்டிவிட்டார்கள்" என்று வக்கீல் அறிவிப்பில் (நோட்டீஸ்) எழுதுவதற்கு முன் வழக்குரைஞரோடு பேசுங்கள். வழக்குத் தொடுத்தவுடன் மேற்கொண்டு விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்க வேண்டும். தடை கிடைக்கத் தாமதமானாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது.

பாகவழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை பங்குகளை மட்டும் அறிவிக்கும். அதன் பின் அட்வகேட் கமிஷனர் நில அளவையரோடு வந்து அளந்து, கூறுகளாகப் பிரித்துக் காட்டி, இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் எழுதப்பட்ட பிறகுதான் கையில் நிலம் வரும். பலர் முதல் கட்டத்தோடு வெற்றி என்று வீட்டுக்குப் போய்விட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பார்கள். முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் தனி மனுவுக்காகக் காத்திராமல் நீதிமன்றமே வழக்கை இறுதிக் கட்டத்துக்கு நகர்த்த வேண்டும் என்று 2022-இல் கட்டுகண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் வழக்குரைஞர் அதை நீதிமன்றத்துக்கு நினைவூட்ட வேண்டும்.

என் சொந்தக் கருத்து, இந்த வழக்கு சமரசத்தில் முடியக்கூடியது. அதற்கான கணக்கும் இருக்கிறது. மொத்தம் 200 சென்ட்டில் அண்ணனுக்குச் சேர்வது 17/48, அதாவது சுமார் 70.8 சென்ட். அவர் விற்றது 100 சென்ட். ஆக, ஏறத்தாழ 29.2 சென்ட் உங்களுக்கும் தம்பி குடும்பத்துக்கும் உரியது. பிரிவினையின்போது, விற்கப்பட்ட பகுதியை விற்றவரின் பங்கிலேயே அடக்கித் தரும்படி வாங்கியவர் கேட்கலாம். மற்றவர்களுக்கு நட்டமில்லை என்றால் நீதிமன்றங்கள் அதற்கு இணங்குவதுண்டு. அந்த 29.2 சென்ட்டின் மதிப்பை வீட்டில் அண்ணனுக்குள்ள 17/48 பங்கிலிருந்து ஈடுகட்ட முடியும். அப்படியானால் வாங்கியவர் தன் ஏக்கரை வைத்துக்கொள்வார். மீதி ஏக்கரும் வீட்டின் பெரும்பகுதியும் உங்களுக்கும் தம்பி குடும்பத்துக்கும் வரும். வீட்டின் மதிப்பு போதாவிட்டால் வித்தியாசத்தை அண்ணன் பணமாகத் தர வேண்டும். அவர் தாயாரின் மருத்துவத்துக்கும் வீட்டைப் புதுப்பிக்கவும் செலவழித்ததாகச் சொல்வதை ரசீது கேட்டு இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 2015-க்குப் பின் அவர் எடுத்த விளைச்சலில் உங்கள் பங்கையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். கிரயத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கியவருக்கும் இதில் அக்கறை இருக்கும் என்பதால், முதல் அறிவிப்பை அண்ணனுக்கு மட்டும் அனுப்பாமல் அவருக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள்.